ஐந்தாவது அளவு

நிலத்தின் ஓரத்தை நம்மால் தொட முடியும். வரப்பில் நடந்து சுற்றி வரலாம், கயிறு போட்டு அளக்கலாம், முள்கம்பி எத்தனை சுருள் வேண்டும் என்று கணக்கிட்டுக் கடையில் சொல்லலாம். அந்த நிலத்தின் பரப்பை அப்படித் தொட முடியாது. பரப்பை நேராக அளக்கும் நாடா எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. நாம் அளப்பதெல்லாம் நீளங்களைத்தான். அந்த நீளங்களிலிருந்து கணக்குப் போட்டு நாம் வந்து சேர்கிற முடிவுக்குப் பெயர் பரப்பு. விதை எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, வரி எவ்வளவு, விலை எவ்வளவு என்பதெல்லாம் கண்ணுக்குப் படாத அந்த முடிவை நம்பித்தான் இருக்கின்றன.

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் சுற்றளவும் பரப்பளவும் ஒரே பாடத்தில் வருகின்றன. ஒன்றில் பக்கங்களைக் கூட்ட வேண்டும், மற்றதில் பெருக்க வேண்டும். மாணவர் மனத்தில் இவ்வளவுதான் தங்குகிறது. ஒரே வடிவத்தைப் பற்றிய இரண்டு கேள்விகள் என்பதால் ஒன்றுக்கு விடை தெரிந்தால் மற்றதற்கும் பாதி விடை தெரிந்த மாதிரி என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. இந்த எண்ணம் மிகப் பழையது. பெரிய அறிஞர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் சிசிலித் தீவு எவ்வளவு பெரியது என்று சொல்ல வருகிற இடத்தில், சரக்குக் கப்பல் ஒன்று அதைச் சுற்றிவர எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும் என்கிறார். தீவின் பெருமையைக் கரையின் நீளத்தால் சொல்வது அவருக்கு இயல்பாக இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியஸ் இந்தப் பழக்கத்தைக் கண்டித்தார். அவருடைய சொந்த ஊர் மெகலோபொலிஸ். அதன் சுற்றளவு, கிரேக்கரின் நீள அளவில், 50 ஸ்டேடியம். ஸ்பார்ட்டாவின் சுற்றளவு 48. ஆனால் ஸ்பார்ட்டாதான் இரண்டு மடங்கு பெரிய நகரம். இதைச் சொன்னால் ஜனங்கள் நம்ப மறுக்கிறார்கள் என்று வருந்துகிறார். பள்ளியில் படித்த வடிவியலை மறந்துவிட்டதுதான் காரணம் என்பது அவர் கருத்து. தன் ஊரைவிட அடுத்த ஊர் பெரியது என்று எழுத அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. கணக்கு அப்படிச் சொன்னது, அவர் எழுதினார்.

பொலிபியஸுக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் இதே பிழையின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறார். நிலத்தைப் பங்கு போடும்போது சிலர் சுற்றளவு அதிகமான துண்டைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சுற்றளவு குறைந்த துண்டைத் தாங்கள் எடுத்துக்கொள்வார்களாம். உண்மையில் பரப்பு அதிகம் இருப்பது அந்தக் குறைந்த துண்டில்தான். கூடுதல் நிலமும் கிடைத்தது, விட்டுக்கொடுத்த நல்லவர் என்ற பெயரும் கிடைத்தது. அறியாமை ஒரு பக்கம் இருந்தால் அதைக் காசாக்கும் அறிவு மறுபக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுற்றளவுக்கும் பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை நான் நியாயத்தோடு சேர்த்தே யோசிப்பது இதனால்தான்.

400 அடி வேலி நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு பக்கத்துக்கு 100 அடி என்று சதுரமாக அடைத்தால் 10,000 சதுர அடி கிடைக்கும். 190 அடி நீளம், 10 அடி அகலம் என்று அடைத்தால் 1,900 சதுர அடி. 199 அடிக்கு ஓரடி என்று அடைத்தால் வெறும் 199 சதுர அடி. வேலி ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். அதே வேலியை வட்டமாக வளைத்தால் 12,732 சதுர அடி வரும். ஒரே சுற்றளவுக்குள் அதிகப் பரப்பை அடக்குவது வட்டமே என்பதைக் கிரேக்கத்தில் ஜெனொடோரஸ் ஆராய்ந்தார். அதற்குக் குறைவற்ற நிரூபணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் முழுமை பெற்றது. நிரூபணத்துக்காகக் காத்திராமல் நம் வீடுகளில் நெற்குதிர்களை உருண்டையாகத்தான் செய்தார்கள், கிணற்றை வட்டமாகத்தான் வெட்டினார்கள். குறைந்த மண்ணில் நிறைய நெல், குறைந்த கல்கட்டில் நிறையத் தண்ணீர்.

வட்டத்தில் ஓரத்துக்கும் உள்ளுக்கும் நேரான உறவு ஒன்று இருக்கிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு வந்துவிடும். 499இல் ஆரியபட்டர் இந்த விதியைத் தந்தார். காரிநாயனாரின் தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரமும் வட்ட நிலத்துக்குக் குழி, அதாவது பரப்பு, காண இதையே சொல்லித் தருகிறது. இது ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு தோசை போதும். அதை மையத்திலிருந்து மெல்லிய கூறுகளாக வெட்டி, ஒன்றின் கூர் மேலே, அடுத்ததின் கூர் கீழே என்று மாற்றி மாற்றி அடுக்கினால் ஏறத்தாழ ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் தோசையின் ஓரத்தில் பாதி. அதன் அகலம் மையத்திலிருந்து ஓரம் வரை, அதாவது விட்டத்தில் பாதி. கூறுகள் மெலிய மெலியச் செவ்வகம் கச்சிதமாகும். கணக்கில் இவ்வளவு அழகான காட்சிகள் அதிகம் இல்லை. ஆனால் இங்கும் ஓரம் மட்டும் போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விட்டம் என்பது வட்டத்தின் குறுக்கே, நடுவழியாகப் போகிற கோடு. உள்ளே ஒரு முறை நடந்தால்தான் உள்ளே இருப்பது தெரிகிறது.

நம் வயல்களும் மனைகளும் பெரும்பாலும் நாலு பக்கம் கொண்டவை. சிக்கல் அங்கேதான். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அப்படிக் கிடைத்த இரண்டு சராசரிகளையும் பெருக்கிப் பரப்பு என்று சொல்லும் பழக்கம் இன்றும் நம் மனை வியாபாரத்தில் உண்டு. எகிப்தின் எட்ஃபு கோயில் சுவரில் பொறிக்கப்பட்ட நிலக்கொடைக் கணக்குகளும் இதே வழியில்தான் போடப்பட்டிருக்கின்றன. முக்கோண நிலத்தைக்கூட நாலாவது பக்கம் இல்லாத நாற்கரமாகக் கொண்டு இந்தச் சராசரியைப் போட்டிருக்கிறார்கள். நிலம் நேர்ச் செவ்வகமாக இருந்தால் விடை சரி. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் விடை உண்மையைவிடக் கூடுதலாகவே வரும், ஒருபோதும் குறைவாக வராது. வரி வாங்குபவருக்கும் விற்பவருக்கும் லாபம் தருகிற பிழை இது.

எவ்வளவு கூடுதல் என்று ஒரு மனையை எடுத்துப் பார்க்கலாம். வடபுறம் 100 அடி, தென்புறம் 100 அடி, கீழ்புறம் 60, மேல்புறம் 60. சராசரிக் கணக்கில் 6,000 சதுர அடி, அதாவது இரண்டரை கிரவுண்டு. இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே கயிறு பிடித்துப் பாருங்கள். மனை செவ்வகமாக இருந்தால் கயிறு 116 அடிக்கு மேல் ஓடும். அது 80 அடியிலேயே முடிந்துவிட்டால் மனை நன்றாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கயிறு மனையை இரண்டு முக்கோணங்களாக்குகிறது. ஒவ்வொன்றும் 60, 80, 100 அடிப் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணம். ஒவ்வொன்றும் 2,400 சதுர அடி. ஆக மொத்தம் 4,800. பத்திரத்தில் இருக்கும் நாலு அளவில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அரை கிரவுண்டு நிலம் அங்கே இல்லவே இல்லை. அந்த அரை கிரவுண்டுக்கும் சேர்த்து விலை கொடுத்திருப்பார்கள்.

இதைத் தெரிந்த மேதைகள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். 628இல் பிரம்மகுப்தர் சராசரி முறையைத் தோராயக் கணக்கு என்று தனியே பிரித்து வைத்தார். நுட்பமான பரப்புக்கு நாலு பக்கங்களையும் கொண்ட வேறொரு சூத்திரத்தைத் தந்தார். நாலு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரத்துக்குத்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும். 1150இல் லீலாவதி எழுதிய இரண்டாம் பாஸ்கரர் நேராகவே விஷயத்துக்கு வந்தார். பக்கங்கள் அப்படியே இருக்க, மூலைவிட்டம் மாறினால் பரப்பும் மாறும். எனவே மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பதே தவறு என்றார். அப்படிக் கேட்பவரை அவர் கடுமையாக ஏசுகிறார். அந்தக் கேள்விக்கு விடை சொல்பவரை அதைவிடக் கடுமையாக ஏசுகிறார். கணித நூலில் இவ்வளவு கோபத்தைப் பார்ப்பது அரிது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். போதாத தகவலை வைத்துக்கொண்டு உறுதியாகப் பதில் சொல்வது கணக்கில் மட்டும் நேர்கிற குற்றமல்லவே.

முக்கோணத்துக்கு இந்தக் குறை கிடையாது. மூன்று குச்சிகளை முனைகளில் ஆணியடித்து இணைத்தால் அது அசையாது. ஒரே நீளமுள்ள நாலு குச்சிகளை அப்படி இணைத்தால் அது சாயும், மடங்கும், கடைசியில் ஒரே கோடாகப் படுத்துவிடும். சுற்றளவு மாறாமலேயே பரப்பு பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணத்தின் பரப்பு முடிவாகிவிடும் என்பதால்தான் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் பெயரால் வழங்கும் சூத்திரத்துக்குக் கோணமோ உயரமோ தேவைப்படவில்லை. உலகில் நில அளவை என்ற தொழில் முழுவதும் இந்த அசையாத்தன்மையின் மேல் எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1794இல் சென்னையில் தொடங்கிய அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு மிகப் பொறுமையாக அளந்தார். அதன் மேல் முக்கோணம், அந்த முக்கோணத்தின் மேல் அடுத்த முக்கோணம் என்று நாட்டின் வரைபடம் வடக்கே நகர்ந்தது.

அதே முறை சின்ன அளவில் ஒவ்வொரு சர்வே எண்ணின் புலப்படத்திலும் இருக்கிறது. வயலின் எல்லை ஒரு கோடு, அதை எஃப் லைன் என்பார்கள். வயலுக்குள்ளே குறுக்கே புள்ளிக் கோடாகப் போவது ஜி லைன். வயலை முக்கோணங்களாகப் பிரிப்பது அதுதான். பழைய படங்களில் லிங்க் கணக்கு, புதியவற்றில் மீட்டர். ஓரம் வளைந்து நெளிந்து போகிற இடத்தில் ஜி லைனிலிருந்து செங்குத்தாகச் சிறு கோடுகள் எடுத்து வளைவைச் சரிக்கட்டுவார்கள். தங்கள் நிலத்தின் புலப்படத்தைக் கையில் வைத்திருக்கும் பலர் அந்தப் புள்ளிக் கோட்டை வேண்டாத கோடு என்று நினைக்கிறார்கள். நிலத்தின் பரப்பைச் சொல்வது அதுதான்.

ஊரில் நில அளவை நடக்கும் காலைப்பொழுதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். சர்வேயர் முதலில் தேடுவது கல்லை. புதர் வெட்டி, கடப்பாரையால் குத்தி, டங் என்று சத்தம் வருகிற இடத்தில் மண்ணைத் தள்ளுவார்கள். பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் கைகட்டி நிற்பார்கள். "இங்க இல்லண்ணே, அந்த வேப்பமரத்துக்குக் கிழக்கால பாருங்க" என்று ஒருவர் சொல்ல, "மரமே எங்க அப்பா காலத்துல வெச்சதுதானே" என்று மற்றவர் சொல்வார். மூன்று கல் கிடைத்துவிட்டால் சர்வேயர் முகத்தில் தெளிவு வந்துவிடும். மூன்று புள்ளிகள் கிடைத்தால் நாலாவதைக் கணக்கே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். எல்லோர் கண்ணும் ஓரத்துச் சங்கிலியின் மேல் இருக்கும். சங்கிலியை வயலின் குறுக்கே இழுக்கும்போது யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. சண்டை ஓரத்தில், உண்மை குறுக்கே.

நீளத்தில் நேரும் சிறு பிழை பரப்பில் பெரிதாகிவிடும் என்பது இன்னொரு விஷயம். தஞ்சைப் பகுதிக் கணக்கில் 12 அடிக் கோல் சதுரம் ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். 20 மா ஒரு வேலி. அளப்பவர் கோலில் ஓரடியைக் குறைத்து 11 அடிக் கோலால் அளந்தால் குழி 121 சதுர அடியாகச் சுருங்கிவிடும். கோலில் குறைந்தது 12இல் ஒரு பங்கு. ஆனால் அதே நிலம் 100 குழிக்குப் பதிலாக 119 குழியாகக் கணக்கில் ஏறும், வரியும் அந்த அளவுக்கு ஏறும். கோயில் சுவர்களில் அளவுகோலின் நீளத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். சந்தேகம் வந்த எவரும் தன் கோலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாம் ராஜராஜன் காலத்தில், கி.பி. 1000 வாக்கில் நடந்த நில அளவையில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை பின்னம் பிரித்துக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். இன்றைய தஞ்சை வேலியை வைத்துப் பார்த்தால் அது ஒரு சதுர அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு நுண்ணிய துண்டை எந்தக் கோலாலும் அளந்திருக்க முடியாது. அது பெருக்கலில் வந்து விழுந்த எண். அதையும் விட்டுவிடாமல் எழுதி வைத்த கணக்கர்களின் கண்ணியம் எனக்கு ராஜராஜனின் போர்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இனி, ஓரம் பெருகுவதன் விலையைப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் சதுர வயலின் பக்கம் ஏறக்குறைய 209 அடி, சுற்றளவு 835 அடி. நாலு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கிறார்கள். எல்லோருக்கும் வாய்க்கால் வேண்டும், எல்லோருக்கும் பாதை வேண்டும். ஆகவே நாலு சதுரமாகப் பிரிக்காமல் வாய்க்காலிலிருந்து நீள நீளமாக நாலு பட்டையாகப் பிரிப்பார்கள். நாலு பேருடைய பரப்பையும் கூட்டினால் அதே ஒரு ஏக்கர்தான். நாலு பேருடைய சுற்றளவைக் கூட்டினால் 2,087 அடி, முன்பு இருந்ததைப்போல் இரண்டரை மடங்கு. உள்ளே புதிதாக மூன்று வரப்பு, ஒன்றரை அடி அகலம் என்று வைத்தாலும் இரண்டு சென்டுக்கு மேல் வரப்புக்கே போய்விடும். தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தலைமுறைக்குத் தலைமுறை பரப்பு பங்காகிக் குறைகிறது, வரப்பு கூடுகிறது. விளைச்சல் பரப்பில் இருக்கிறது. காவலும் வழக்கும் பகையும் சுற்றளவில் இருக்கின்றன. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு, அந்தப் பேச்சு நின்ற இடத்தை வரப்பில் கை வைத்துக் காட்ட முடியும்.

சுற்றளவு எவ்வளவு நிலையில்லாதது என்பதை அண்மையில் நம் கடற்கரையே காட்டியது. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்றுதான் நெடுங்காலம் படித்தோம். இன்னும் நுணுக்கமான வரைபடங்களைக் கொண்டு மறுபடி அளந்தபோது அது 11,098 கிலோமீட்டர் ஆனது. தமிழ்நாட்டின் கடற்கரை 906 கிலோமீட்டரிலிருந்து 1,068 ஆனது. நிலம் வளர்ந்துவிடவில்லை. அளக்கும் கோல் சிறிதாகச் சிறிதாக ஒவ்வொரு கழிமுகமும் ஒவ்வொரு வளைவும் கணக்கில் சேர்ந்துகொண்டது. கோலை இன்னும் சிறிதாக்கினால் நீளம் இன்னும் கூடும். 1904இல் ஸ்வீடனின் ஹெல்கே வான் கோக் வரைந்து காட்டிய வளைகோட்டைக் கொண்டு, சுற்றளவு முடிவில்லாமலும் பரப்பு ஒரு சிறு காகிதத்துக்குள்ளும் இருக்கும் உருவத்தை அமைத்துவிடலாம். பரப்போ கோலைச் சிறிதாக்கச் சிறிதாக்க ஓர் எண்ணை நோக்கிப் போய் நின்றுவிடுகிறது. தொட முடிகிற ஓரம் நழுவுகிறது, தொட முடியாத பரப்பு நிற்கிறது.

அப்படியென்றால் ஓரத்துக்கு உள்ளே இருப்பது தெரியவே தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். 1854இல் ஸ்விட்சர்லாந்தின் யாகோப் ஆம்ஸ்லர் ஒரு கருவி செய்தார். படத்தில் இருக்கும் நிலத்தின் ஓரத்தை அதன் முனையால் ஒரு முறை சுற்றி வந்தால் பரப்பை அது காட்டிவிடும். இன்று கைபேசியை எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்தால் செயலி சென்ட் கணக்கைச் சொல்வதும் இதே தத்துவம்தான். ஆனால் இவை இரண்டும் நடந்த தூரத்தைக் கூட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு அடியும் எந்தத் திசையில் வைக்கப்பட்டது, எங்கே திரும்பியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கின்றன. எவ்வளவு நடந்தோம் என்பதிலிருந்து உள்ளடக்கம் தெரியாது, எப்படித் திரும்பினோம் என்பதையும் சேர்த்தால் தெரியும். மூலைவிட்டம் செய்வதும் அதையே. அது அளவுக்குள் திசையைக் கொண்டுவருகிறது.

நம் கிரயப் பத்திரங்களில் சொத்து விவரம் எழுதும் முறை பழைமையானது, அழகானதும்கூட. இன்னாருடைய மனைக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு என்று நாலு எல்லை. பிறகு கிழமேலடி வடபுறம் இவ்வளவு, தென்புறம் இவ்வளவு. தென்வடலடி கீழ்புறம் இவ்வளவு, மேல்புறம் இவ்வளவு என்று நாலு அளவு. பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறது. பாஸ்கரர் ஏசிய கேள்வியும் பதிலும் முத்திரைத்தாளிலேயே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மூலைக்கு மூலை குறுக்களவு இவ்வளவு என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், மனை அசையாமல் நிற்கும். வாங்குபவர் அதைக் கேட்க வேண்டும், எழுதுபவர் அதை எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளில் ஆசிரியர் பிள்ளைகள் கையில் சூத்திரத்துக்கு முன்னால் ஆணியடித்த நாலு குச்சிகளைக் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைச் சாய்த்து, மடக்கி, பரப்பு குறைவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இதை அசையாமல் நிறுத்த என்ன செய்யலாம் என்று தாங்களே கேட்க வேண்டும். குறுக்கே ஐந்தாவது குச்சியை வைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையை, பெரியவரான பிறகு, நாலு அளவைக் காட்டி யாரும் ஏமாற்றிவிட முடியாது. அந்தப் பிள்ளை பிறரை ஏமாற்றாமல் இருக்கவும் அந்தப் பாடம் துணைநிற்கும் என்றே நம்புகிறேன். ஓரத்தை மட்டும் அளந்துவிட்டு உள்ளே இருப்பதைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது என்பதுதான் அந்தப் பாடம்.